சின்னவளின் பென்டிரைவ்

“ஒயரப் புடுங்கும்மா! இன்னாத்துக்கு யோசிச்சிக்கினு இருக்க? புடுங்கு!”

கந்தசாமி போட்ட கூச்சலில் தெருவில் போன மாடு நின்று திரும்பிப் பார்த்தது.

எழில்மதி மேஜைக்கு அடியில் மண்டியிட்டிருந்தாள். கை பிளக்கின் மேல் இருந்தது. பிடுங்கினால் திரையில் நடக்கிற கூத்து நிற்கும். ஆனால் பதினோரு நாளாக அடித்த பட்டியல் தங்குமா, போகுமா? கடைசியாக எப்போது சேவ் செய்தாள்? ஞாபகமே வரவில்லை.

மேலே, தொப்பை வைத்த பழைய மானிட்டரில், வெள்ளை ஜன்னல்கள் குட்டி போட்டுக்கொண்டிருந்தன. ஒன்றை மூடினால் நாலு வந்தது. நாலை மூடினால் நாற்பது. மவுஸை யாரும் தொடவில்லை. கீபோர்டில் யார் கையும் இல்லை. ஒவ்வொரு ஜன்னலின் நெற்றியிலும் ஒரே இங்கிலீஷ் வரி. உனக்கு என்ன உதவி வேண்டும் என்று கேட்டது. கேட்டுக்கொண்டே கழுத்தை நெரித்தது.

“வைரஸ்தான்,” என்றார் கூட்டத்தில் ஒருவர்.

இன்னொருவர் மோவாயில் தொங்கிய மாஸ்க்கை அவசரமாக மூக்குக்கு ஏற்றினார். “இதுக்குமா வந்துட்ச்சி?”

“யோவ், அது மனுசனுக்கு. இது கம்ப்யூட்டருக்கு.”

எழில்மதி பிடுங்கினாள்.

திரை ஒரு வெள்ளைப் புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. கடைக்குள் நின்ற பதினோரு ஆண்களும் ஒன்றாக மூச்சு விட்டார்கள். சுவர்க் கடிகாரம் பதினொன்றே கால் காட்டியது.

மூன்று மணிக்கு மனு கொடுக்க வேண்டும்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. இட ஒதுக்கீடு கேட்டு ஊருக்கு ஊர் போராட்டம். போன வாரம் உண்ணாவிரதம். இன்றைக்குக் காலையில் திருக்கோவிலூர் பக்கம் சாலை மறியல், மதியம் கிராம நிர்வாக அலுவலரிடம் மனு. மணலூர்பேட்டையைச் சுற்றி அறுநூற்றுப் பதினாலு குடும்பங்கள். குடும்பத் தலைவர் பெயர், அவர் அப்பா பெயர், படித்தவர் எத்தனை பேர், படித்துவிட்டு சும்மா இருப்பவர் எத்தனை பேர் என்று எல்லாம் துண்டுச் சீட்டில் எழுதி வந்தன. போராட்டம் நடத்துகிற சங்கத்தின் ஒன்றியச் செயலாளர் கந்தசாமி அவற்றைக் கொண்டுவந்து கொட்ட, எழில்மதி பதினோரு நாள் உட்கார்ந்து அடித்தாள். அடித்து முடித்த சீட்டை அன்றன்றைக்கே கிழித்துப் போட்டாள். இப்போது அந்தப் பட்டியல் உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது. அந்த இடம் இருட்டிவிட்டது.

மூன்று மணிக்குள் பேப்பரில் வராவிட்டால், அறுநூற்றுப் பதினாலு வீட்டிலும் எழில்மதியின் பெயர் கெடும். பெயர் கெட்டால் நாற்காலி போகும். நாற்காலி போனால் அதில் எவள் வந்து உட்காருவாள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

மண்டியிட்டபடியே நிமிர்ந்தாள். கண் சிபியூவின் முன்பக்கத்தில் போய் நின்றது.

அங்கே ஒரு சிவப்புப் பென்டிரைவ். அதில் குட்டி மணி ஒன்று தொங்கியது.

“இதோ!” என்றாள் எழில்மதி. “இதுதான்!”

“யாருதும்மா அது?”

“எங்க வூட்டுச் சின்னவளுது.”

சின்னவள் என்றால் மணிமொழி. எழில்மதியின் கொழுந்தன் அஜித்குமாரைக் கட்டிக்கொண்டு நாலு மாதம் முன்பு இந்த வீட்டுக்கு வந்தவள். எலவனாசூர்கோட்டைப் பெண். எம்.சி.ஏ. அந்த மூன்று எழுத்தை மாமனார் பொன்னுரங்கம் டீக்கடையில் ஒரு தரம், ரேஷன் கடையில் ஒரு தரம், கரும்பு லாரியில் வெட்டுக் கூலி ஆட்களிடம் ஒரு தரம் என்று தினம் மூன்று வேளை சொன்னார்.

எழில்மதிக்கு எழுத்துக்குப் பஞ்சமில்லை. தமிழ் டைப்ரைட்டிங் ஹையர், இங்கிலீஷ் லோயர். வீட்டின் முன் அறைதான் கடை. எட்டு வருஷமாக அந்தக் கடை, அந்தக் கம்ப்யூட்டர், அந்த நாற்காலி. ஊரில் பாதிப் பேருக்குச் சாதிச் சான்றிதழ் அவள் விரலில் பிறந்ததுதான். வழியில் பார்த்தால் ‘கம்ப்யூட்டரம்மா’ என்று நின்று பேசுவார்கள்.

ஆனால் சின்னவள் வந்த மூன்றாவது வாரம், கூடத்தில் உட்கார்ந்து ஃபோனைப் பார்த்துப் பேசினாள். பேசப் பேச ஃபோனில் தமிழ் எழுத்து ஓடியது. பொன்னுரங்கம் வாயைப் பிளந்தார்.

“அட! பெரியவ எட்டு வருசமா தட்டு தட்டுன்னு தட்டிக்கினு இருக்கா. நீ பேசினாலே அடிக்குதேம்மா!”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அன்றைக்கு எழில்மதி ரசத்துக்கு உப்புப் போட மறந்தாள். மறுநாள் ரசம் வைத்தவள் மணிமொழி. அதையும் நன்றாக வைத்துத் தொலைத்தாள்.

அதற்கப்புறம் எழில்மதிக்கு எல்லாமே குத்தியது. சின்னவளின் பின்னல் நீளம் குத்தியது. அவள் இங்கிலீஷில் தும்முவது போலவே தோன்றியது. கடை வாசலில் அவள் நின்று உள்ளே எட்டிப் பார்த்தால் முதுகு எரிந்தது. கம்ப்யூட்டருக்கு எட்டு வருஷத்தில் முதல் முறையாகப் பாஸ்வேர்டு போட்டாள்.

இன்று வெள்ளிக்கிழமை. காலை ஒன்பது மணிக்கு வழக்கம் போலக் கடைக்குப் பூஜை. மானிட்டர் நெற்றியில் ஒரு பொட்டு, சிபியூ தலையில் ஒரு பொட்டு. ஆனால் இன்று சந்தனத்தைப் பன்னீர் விட்டுத் தாராளமாகவே குழைத்தாள். நாலு நாளாகச் சின்னவள் மெஷினைப் பார்க்கிற பார்வை சரியில்லை. கண் பட்டுவிடக் கூடாது. வைக்க இடம் இருந்த இடமெல்லாம் வைத்தாள். கற்பூரம் மூன்று சுற்றுக்கு ஏழு சுற்று. பத்து மணிக்கு முதல் ஆள் வரும்போது முந்தானையால் அதிகப்படியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

பத்தரைக்கு வந்தாள் மணிமொழி.

“அக்கா, கடைக்குப் புது போர்டு டிசைன் பண்ணியிருக்கேன். மாமா பெரிய ஸ்கிரீன்ல பாக்கணும்னு சொன்னாங்க.”

சொல்லிக்கொண்டே பென்டிரைவை முன்பக்கம் செருகினாள். வேறு யார் பென்டிரைவ் கொண்டுவந்தாலும் எழில்மதி கையில் வாங்கி, தானே குனிந்து, மெஷினுக்குப் பின்னால் கைவிட்டுச் செருகுவாள். யாரையும் தொட விடமாட்டாள். இன்று வாயைத் திறக்கவில்லை. செருகட்டும் என்று இருந்துவிட்டாள். போர்டில் யார் பெயர் இருக்கும் என்பதிலேயே மனசு நின்றது.

அதற்குள் கந்தசாமி கோஷ்டி நுழைந்தது. மணிமொழி “டீ போட்டுக்கினு வரேங்க” என்று உள்ளே போனாள். எழில்மதி பட்டியலைத் திறந்து கடைசிப் பெயர்களை அடிக்க ஆரம்பித்தாள். பதினொன்றுக்கு ஆட்டம் தொடங்கியது.

இப்போது மணிமொழி டீத் தட்டுடன் வாசற்படியில் நின்றாள்.

“பாருங்க,” என்றாள் எழில்மதி, அவளைப் பார்க்காமல், பதினோரு ஆண்களையும் பார்த்து. “காலேஜ்ல கண்ட மெஷின்ல செருகினது. அந்தச் சனியன எடுத்தாந்து நம்ம மெஷின்ல செருகினா இன்னா ஆவும்? எட்டு வருசமா ஒரு நாள் தும்மினதில்ல இது!”

“அக்கா, நான் செருகினேன்தான். ஆனா...”

“கேட்டுக்கினீங்களா? அவளே ஒத்துக்கிறா.”

பின்னால் நின்ற பொன்னுரங்கத்தின் முகம் வாடியது. அந்த முகம் சின்னவளைப் பார்த்து வாடுவதற்காக எழில்மதி நாலு மாதம் காத்திருந்தாள். தொண்டைக்குள் வெல்லம் கரைந்தது போல இருந்தது.

ஆனால் பட்டியல்?

திருக்கோவிலூரில் இருந்த மெக்கானிக் தெய்வசிகாமணிக்கு ஃபோன் போட்டாள். இந்த மெஷினை எட்டு வருஷம் முன்னால் பூட்டிக் கொடுத்தவரே அவர்தான். வருகிறேன் என்றவர் அரை மணி கழித்துத் திரும்பக் கூப்பிட்டார்.

“கெளம்பிட்டேன்மா. ஆனா பாலத்துகிட்ட மாட்டிக்கினு இருக்கேன். மறியலாம். சைக்கிள் கூட வுட மாட்டேங்கறானுங்க.”

கந்தசாமி ஃபோனைப் பிடுங்கினார். “எவன்யா அங்க வண்டிய நிறுத்தறது?”

“நீங்கதான் சார்! உங்க சங்கத்துக் கொடிதான்.”

“ஃபோன அங்க இருக்கறவன்கிட்ட குடு.” ஒரு நொடி. “டேய், நான் செயலாளர் பேசறேன். அந்த மெக்கானிக்க மட்டும் வுடு.”

மறுமுனையில் ஒரு முரட்டுக் குரல் கடை முழுக்கக் கேட்டது. “செயலாளர் ஃபோன் பண்ணி சொன்னாலும் எவனையும் வுடக் கூடாதுன்னு செயலாளரே சொல்லியிருக்காருங்க!”

யாரோ சிரித்தார். கந்தசாமி திரும்பி முறைத்தார். சிரித்தவர் டீயைக் குடித்தார்.

ஃபோன் எழில்மதியின் கைக்குத் திரும்பியது. தெய்வசிகாமணி மறுபடி லைனில் வந்தார். “அம்மா, நீ சொல்றத வெச்சிப் பாத்தா பென்டிரைவ் வைரஸ்தான். ஃபார்மேட் அடிச்சாத்தான் போவும்.”

“அடிச்சா?”

“உள்ள இருக்கறது மொத்தமும் காலி.”

எழில்மதி ஃபோனைக் கீழே வைத்தாள். மணி பதினொன்று ஐம்பது.

“அக்கா,” என்றாள் மணிமொழி. “ஒரு தரம் நான் பாக்கட்டுமா?”

“நீ பாத்தது போதாதா?”

“வேற யாரும்மா இருக்காங்க இப்ப?” பொன்னுரங்கம் குறுக்கே வந்தார். குரலில் பழைய பெருமை இல்லை. இருந்தாலும் வழி வேறில்லை. “பாரும்மா. பெரியவளும் கூட இருக்கட்டும்.”

கூட்டம் பொன்னுரங்கத்தோடு டீக்கடைக்கு நகர்ந்தது. ஷட்டர் பாதி இறங்கியது.

மணிமொழி நாற்காலியில் உட்கார்ந்தாள். எட்டு வருஷத்தில் அந்த நாற்காலியில் வேறு எந்தப் பெண்ணும் உட்கார்ந்ததில்லை. இலவம் பஞ்சு அடைத்த திண்டு எழில்மதியே தைத்தது. அது அவள் அளவுக்கு அமுங்கியிருந்தது. சின்னவள் அதில் கச்சிதமாகப் பொருந்தினாள். அதுதான் தாங்கவில்லை.

மணிமொழி முதலில் பென்டிரைவைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழில்மதியைப் பார்த்தாள். பிளக்கைச் செருகி பட்டனை அழுத்தினாள்.

பீப். பீப். பீப். பீப்.

“அக்கா, இது எப்பவும் இப்டி கத்துமா?”

“கத்தாது.”

அணைத்தாள். மறுபடி போட்டாள். பீப், பீப், பீப். மணிமொழியின் புருவம் மேலே போனது.

“வைரஸ்னா விண்டோஸ் வந்தப்புறம்தான் அதோட வேலய காட்டும். இது படம் வர்றதுக்கு முன்னாடியே கத்துது. வேற ஏதோ கோளாறு.”

பின்னால் கைவிட்டு கீபோர்டின் ஒயரை உருவினாள். மூன்றாம் தரம் போட்டாள்.

சத்தம் இல்லை. மெஷின் சமர்த்தாக எழுந்து பாஸ்வேர்டு கேட்டது.

“கீபோர்டு இல்லாம எப்டி அடிக்கறது?”

“ஸ்கிரீன்லயே ஒரு கீபோர்டு வரும்க்கா. மவுஸால ஒவ்வொரு எழுத்தா தொடணும். பாஸ்வேர்டு சொல்லுங்க, நான் போடறேன்.”

“வேணாம்!” எழில்மதி மவுஸைப் பறித்தாள். “நானே போடறேன். நீ அந்தப் பக்கம் திரும்பு.”

மணிமொழி முகத்தைத் திருப்பினாள். முழுக்கத் திருப்பவில்லை. அம்புக்குறி திரையில் மெதுவாக நகர்ந்தது. எம். ஏ. என். ஐ.

“என் பேராக்கா?”

“பேசாம இரு.”

கே. யூ. ஐ. எல். எல். ஏ. ஐ.

மணிமொழி வாய்க்குள் சேர்த்துப் படித்தாள். “மணிக்கு... இல்ல.” திரும்பி எழில்மதியைப் பார்த்தாள். “தெனமும் காலைல என் பேர அடிச்சிதான் கடைய தொறக்கறீங்களா?”

எழில்மதியின் காது மடல் சுட்டது. நல்லவேளை, திரை திறந்தது. ஒரு ஜன்னல் கூட வரவில்லை. ஒரு நிமிஷம் காத்திருந்தார்கள். இரண்டு நிமிஷம். மெஷின் வாய் பேசாமல் கிடந்தது.

“வைரஸே இல்லக்கா,” என்றாள் மணிமொழி. “கீபோர்டுதான்.”

கீபோர்டைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள். மேஜை மேல் சிவப்பாகப் பொடி உதிர்ந்தது. தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி, இடப்பக்க மேல் மூலையில் எஸ்கேப்புக்கு அடுத்த பட்டனை நெம்பினாள். அது வர மறுத்தது. இன்னொரு நெம்பு. டக்.

பட்டனுக்குக் கீழே மஞ்சளாக, கெட்டியாக, காய்ந்த மருந்து உருண்டை மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் நடுவில் ஒரு சிவப்புத் துளி. முன் அறை முழுக்கச் சந்தனமும் பன்னீரும் மணத்தது.

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

“எஃப் ஒன்,” என்றாள் மணிமொழி. “இத அமுக்கினா உதவிக்குன்னு ஒரு ஜன்னல் வரும். நீங்க எஸ்கேப்ப தட்டறப்ப இதுவும் கூட அமுங்கியிருக்கு. சந்தனம் காஞ்சி அப்டியே புடிச்சிக்கிச்சு. அதான் நிக்காம வந்துக்கினே இருந்தது.”

எழில்மதி மேஜை மேல் உதிர்ந்த பொடியை முந்தானையால் துடைத்தாள்.

“கீபோர்டுக்குமா பொட்டு வெப்பீங்க?”

“வெச்சதில்ல.”

“இன்னைக்கு இன்னா விசேஷம்?”

எம்.சி.ஏ. படித்தவள் கணக்கைத் தானே போட்டாள். முதலில் கண் விரிந்தது. பிறகு சிரித்துவிட்டாள், சின்னதாக, மூக்கு வழியாக.

“என் கண்ணு அவ்ளோ பவரா? இது தெரியாம நான் பொழப்பத்துப் போய் எம்.சி.ஏ. படிச்சேன்.”

“சிரிக்காத. மணி ஆவுது.”

மணி பன்னிரண்டு இருபத்தைந்து. கடை வாசலில் கைக்குப் போட வைத்திருந்த சானிடைசர் பாட்டிலை மணிமொழி எடுத்து வந்தாள். காது குடையும் பஞ்சுக் குச்சியில் நனைத்து இடுக்கு இடுக்காகத் துடைத்தாள். பட்டனைப் பொருத்தி, ஒயரைச் செருகி, பட்டியலைத் திறந்தாள். மெஷின் தானாக எடுத்து வைத்திருந்த நகல் ஒன்று கிடைத்தது. எண்ணிப் பார்த்தார்கள். அறுநூற்று இரண்டு இருந்தது. கடைசிப் பன்னிரண்டு காணோம்.

“எழுந்திரு,” என்றாள் எழில்மதி.

மணிமொழி எழுந்தாள். எழில்மதி உட்கார்ந்தாள். காணாமல் போன பன்னிரண்டு பெயரும் இன்றைக்குக் காலையில்தான் அடித்தவை. சீட்டு குப்பைக் கூடையில் கிழிந்து கிடந்தது. மணிமொழி தரையில் உட்கார்ந்து துண்டுகளைச் சேர்த்து வைத்துப் படிக்க, எழில்மதியின் பத்து விரலும் பறந்தன. பெயர் வாயிலிருந்து விழுவதற்குள் திரையில் விழுந்தது. ஒரு முறை மணிமொழி படிப்பதை நிறுத்திவிட்டு விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னா, படி.”

“இல்ல... ஃபோன்ல பேசினா இந்தப் பேருல பாதி தப்பாத்தான் வரும்.”

பிரிண்டர் இருபத்தோரு பக்கத்தைத் துப்பி முடித்தபோது மணி இரண்டு நாற்பது. நடுவில் ஒரு தரம் கரண்ட் போய் வந்தது. ஒரு தரம் பேப்பர் சிக்கியது. யாரும் சாப்பிடவில்லை.

ஷட்டரைத் தூக்கக் கையை வைத்த எழில்மதி நின்றாள். வெளியே பதினோரு குரலும் கேட்டன. கந்தசாமி யாரிடமோ மணி கேட்டுக்கொண்டிருந்தார்.

“சொல்லிடு,” என்றாள், திரும்பாமலே. “சந்தனம்னு சொல்லிடு. நாளைக்கே நாற்காலி உனக்குத்தான்.”

பின்னால் காகிதம் அடுக்குகிற சத்தம் நின்றது.

“சந்தனம்னு சொன்னா அந்தப் பதினோரு பேரும் உங்களப் பாத்துப் பதினோரு வருசம் சிரிப்பாங்க. திருஷ்டி கழிக்கப் போயி மெஷினுக்கு மூச்சடைச்ச பொம்பளன்னு.” ஒரு நிமிஷம் கழித்துச் சேர்த்தாள். “எனக்கு அந்த நாற்காலி வேணும்தான்க்கா. வேணாம்னு பொய் சொல்ல மாட்டேன். போர்டுல கூட உங்க பேருக்குக் கீழ என் பேரப் போட்டுத்தான் வெச்சிருக்கேன். ஆனா இப்டி வேணாம்.”

ஷட்டர் மேலே போனது.

“வைரஸ்தாங்க,” என்றாள் மணிமொழி எல்லோருக்கும் கேட்கும்படி. “என் பென்டிரைவ்ல இருந்துதான் வந்துட்ச்சி. அக்காதான் எல்லாத்தையும் மீட்டாங்க.”

கந்தசாமி இருபத்தோரு பக்கத்தையும் வாங்கி நெஞ்சோடு அணைத்தார். “படிச்ச புள்ள நீ. கொஞ்சம் பாத்து நடந்துக்க வேணாவா? அறுநூறு குடும்பம்மா! கம்ப்யூட்டரம்மா இல்லன்னா இன்னைக்கு நாறியிருக்கும்.”

“தப்புதாங்க.”

“போர்டும் வேணாம், கீர்டும் வேணாம்,” என்றார் பொன்னுரங்கம். நாலு மாதமாக எம்.சி.ஏ. என்று இனித்த வாய். “இனிமே மெஷின் பக்கம் நீ வராத. உள்ள வேல இல்லையா?”

“சரிங்க மாமா.”

தட்டில் காலி கிளாஸ்களை அடுக்கிக்கொண்டு மணிமொழி உள்ளே போனாள். பின்னல் நேராகத் தொங்கியது. கிளாஸ் ஒன்று கூட ஆடவில்லை.

கூட்டம் கிளம்பியது. இரண்டு பேர் எழில்மதியைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜெயித்தாயிற்று. திண்டு அவள் அளவுக்கு அமுங்கியது. ஆனால் காலையில் தொண்டையில் கரைந்த வெல்லத்தைத் தேடினால் காணோம். அதற்குப் பதில் அதே பழைய எரிச்சல், முன்னைவிட ஜாஸ்தியாக. ரசம் வைப்பதிலும் முந்தினாள். பழியை வாங்கிக்கொள்வதிலும் முந்திக்கொண்டாள். தோற்பதைக் கூட இவள் நன்றாகச் செய்து தொலைக்கிறாளே!

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கந்தசாமியிடமிருந்து ஃபோன். மனு கொடுத்தாயிற்று, முத்திரை குத்தி நகல் வாங்கியாயிற்று. பாலத்தில் மறியல் முடிந்து தெய்வசிகாமணியும் வந்து சேர்ந்தார். மெஷினைத் தட்டிப் பார்த்துவிட்டு, “என்னமோ பண்ணி சரி பண்ணிட்டீங்களே!” என்று டீ குடித்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் பொன்னுரங்கம் உள்ளே வந்தார். கையில், தண்ணீர்க் குழாயில் ஓட்டை விழுந்தால் அடைக்கிற பசை. இரண்டு உருண்டையைச் சேர்த்துப் பிசைந்துகொண்டே வந்தார்.

“இன்னா மாமா அது?”

“ஒரு தடவ பட்டது போதும். நாளைக்கும் எவளாவது எதையாவது கொண்டாந்து செருகுவா.” சிபியூவுக்கு முன்னால் குந்தினார். சிவப்புப் பென்டிரைவை வெடுக்கென்று உருவினார். குட்டி மணி சிணுங்கியது. அதை மேஜை மேல் எறிந்தார். “இத ஆத்துல போட்டுரு. இந்த ஓட்டைய நான் அடைச்சிடறேன். கெட்டியாப் புடிச்சிக்கும். பத்து நிமிசம்.”

சமையல் அறையில் குழாய்ச் சத்தம். மணிமொழி கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கிளாஸாகக் கவிழ்த்து வைக்கிற ஓசை இங்கே வரை கேட்டது.

பத்து நிமிஷம். பசை காய்ந்தால் முடிந்தது. அப்புறம் யாரும் அந்த ஓட்டையில் எதையும் செருகிப் பார்க்க முடியாது. யாருக்கும் எதுவும் தெரிய வராது. நாற்காலி அவளுடையது, பாஸ்வேர்டு அவளுடையது, ஊர் அவளுடையது.

பொன்னுரங்கம் பசையை விரலில் எடுத்தார். கண்ணைச் சுருக்கி ஓட்டையைத் தேடினார்.

உள்ளே இன்னொரு கிளாஸ் கவிழ்ந்தது.

“மாமா,” என்றாள் எழில்மதி. “அடைக்காதீங்க.”

“ஏன்?”

“அது தேவையில்ல. போன வருசத்துக்கு முந்தின வருசம் ஐப்பசி மழையில இடி வுழுந்திச்சே, அப்பவே அந்த ஓட்ட செத்துப் போச்சு. அதுல எத செருகினாலும் உள்ள ஒண்ணும் போவாது. அதனாலதான் எல்லார்துக்கும் பின்னாடி கையவுட்டுச் செருகறேன்.”

பொன்னுரங்கத்தின் விரல் அப்படியே நின்றது. பசை விரலிலேயே இறுக ஆரம்பித்தது. அவர் மெதுவாகத் திரும்பி மருமகளைப் பார்த்தார்.

“அப்போ... காலைல சின்னவ செருகினது?”

குழாய்ச் சத்தம் நின்றுவிட்டது.

“அவ செருகும்போதே எனக்குத் தெரியும், மாமா.”